ராஜேஸ்வரி டீச்சரின் கெண்டைக்கால்

சங்கரன்கோவிலில் ஒருவருடைய காலைப் பற்றி ஊரே பேசுவதென்றால், அது ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் காலாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது, பெண்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியை ராஜேஸ்வரியின் கெண்டைக்கால். கடைந்தெடுத்த கருங்காலி மாதிரி உருண்டு திரண்டு, நரம்புகள் கொடி ஓடி, எங்கும் துளி ஊளைச்சதை இல்லாமல் இருக்கும். மைதானத்தில் கபடி சொல்லிக்கொடுக்கும்போது பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொள்வாள். அதைப் பார்த்துவிட்டுப் போகும் தாய்மார்கள், பொம்பிளைக்கு இப்படிக் கால் எதற்கு என்று ஒரு கேள்வியும், நமக்கு ஏன் இப்படி இல்லை என்று இன்னொரு கேள்வியும் சேர்த்தே கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் காலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். முதல் ஆள் ராஜேஸ்வரியேதான். மாநில அளவில் கபடி ஆடி, அந்தக் கோட்டாவில் வேலை வாங்கியவள். வேர்வை சிந்தினால் யாருக்கும் இந்தக் கால் வரும் என்று ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளிடம் சொல்லி, விசிலை ஊதி, மைதானத்தைச் சுற்றவிடுவாள். சொல்லும்போது தானும் கூடவே ஓடுவாள். சும்மா நிற்பது அவளுக்கு ஆகாது. ஆசிரியர் அறையில்கூட நாற்காலி நுனியில்தான் உட்காருவாள், பஸ் வரும் சத்தம் கேட்ட பிரயாணி போல.

இரண்டாவது ஆள் அவளுடைய அண்ணன் பேச்சிராஜ். பனவடலிசத்திரத்தில் எள்ளு விதைப்பு, ஆட்டு வியாபாரம். அவனுக்கும் அதே வார்ப்பில் கையும் காலும். தங்கச்சி வயதுக்கு வந்தபோது வீட்டு எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கொடுத்ததால் விளைந்த கால் அது என்பது அவன் கட்சி. ஓடினதெல்லாம் அதற்குப் பிறகு வந்த கதை என்பான்.

இரண்டு பேரும் சொன்னது தப்பு. அது தெரியவந்தது, ராஜேஸ்வரிக்குச் சர்க்கரை வந்தபோது.

பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் மற்றவர்களுக்கெல்லாம் வரலாமா என்று யோசித்த சர்க்கரை, ஓடுகிற டீச்சருக்கு வந்து நின்றது. கணக்கு டீச்சருக்கும் தமிழம்மாவுக்கும் உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் அன்று மத்தியானம் இருவரும் இரண்டு அதிரசம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். உள்ளூர் டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே எடையைக் குறையுங்கள் என்றார். பிறகு தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்தார். சீட்டை மடித்துக்கொண்டே, கூட்டாமலாவது இருங்கள் என்றார்.

மாத்திரை மாற்றி மாற்றியும் சர்க்கரை இறங்கவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஞானதுரை என்ற டாக்டரிடம் போனாள். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. தொடைத் தோலையும் கெண்டைக்கால் தோலையும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்க வேண்டிய மெத்தை அங்கே இல்லை.

அவர் பொறுமைசாலி. படம் போட்டே விளக்கினார். உடம்பில் எல்லா செல்லுக்குள்ளும் ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் ஈரலில் இருப்பதும் ஒன்றே. எது எங்கே வாய் திறக்க வேண்டும், எது பேசாமல் கிடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் கண் கண்ணாகிறது, ஈரல் ஈரலாகிறது. கொழுப்பு செல்லும் அப்படித்தான். பிறக்கும்போதே அது கொழுப்பு செல் இல்லை. தோலுக்கடியில் என்னவாக ஆவது என்று தீர்மானிக்காத இளம் செல்கள் காத்துக் கிடக்கும். அவற்றுக்குள் ஒரு கங்காணி ஜீன் உண்டு. அது எழுந்தால் இன்னொரு கங்காணியைத் தட்டி எழுப்பும். எழுந்தவன் திரும்ப முதல் ஆளைத் தூங்கவிட மாட்டான். இருவருமாகச் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஜீன்களை வேலைக்கு இறக்கி, இளம் செல்லைக் கொழுப்பு செல்லாக மாற்றி, அப்படியே நிலைக்கவும் வைப்பார்கள். ராஜேஸ்வரிக்கு அந்த முதல் கங்காணியின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. எழும்பாததோடு நிற்காமல், நல்ல பிரதியின் வேலையிலும் குறுக்கே விழுகிறது. அதனால் கைகாலில் கொழுப்பு செல்கள் சரியாக உருவாகவே இல்லை.

கொழுப்பு இல்லாதது நல்லதுதானே என்று கேட்டாள். இத்தனை வருஷமாக அதற்குத்தானே கைதட்டல்.

"குளமே வெட்டாத ஊர்ல மழை பெஞ்சா என்னம்மா ஆகும்? தண்ணி வீட்டுக்குள்ளதான வரும்? நீங்க திங்கிற எண்ணெய்க்குத் தங்க இடம் இல்ல. ரத்தத்துல மெதக்கும், ஈரல்ல போய் அடையும், கணையத்தப் புண்ணாக்கும். குண்டா இருக்கவனுக்குக் குளம் நெரம்பி வழியுது. உங்களுக்குக் குளமே இல்ல. சீக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு" என்றார் டாக்டர்.

அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று, அந்தக் கங்காணியின் தோளைப் பிடித்து உலுக்குவதற்காகவே உள்ளது. ஊரெல்லாம் எடை போட்டுவிடும் என்று அஞ்சுகிற மாத்திரை. அவளுக்கு அந்தக் கெடுதல்தான் மருந்து. உலகத்திலேயே குண்டாவதற்காக மாத்திரை சாப்பிடும் உடற்கல்வி ஆசிரியை நானாகத்தான் இருப்பேன் என்று அவள் சொன்னபோது டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோப்பைகளும் பதக்கங்களும் வைத்திருந்த கண்ணாடி அலமாரி கண்முன் வந்துபோயிற்று. வேர்வை சிந்தி வாங்கிய கால் என்று நினைத்திருந்தாள். அது பிறக்கும்போதே வந்த குறை என்றால் அத்தனை வேர்வையும் எங்கே போயிற்று?

கிளம்பும்போது டாக்டர் ஒன்று கேட்டார். பிள்ளைகள் உண்டா? ஒரு மகள் உண்டு. அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காசைச் சுண்டிவிட்ட மாதிரிதான். பெண்பிள்ளைகளுக்கு வயதுக்கு வரும் சமயத்தில்தான் சாதாரணமாக இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு செல்கள் பெருகும். பெருகாவிட்டால் அப்போது தெரியும். கூட்டி வாருங்கள், பார்த்துவிடலாம். அதுவரை எண்ணெய் குறைவாகவே இருக்கட்டும்.

ராஜேஸ்வரி கூட்டிப் போகவில்லை. பரீட்சை முடியட்டும் என்றாள்; லீவு வரட்டும் என்றாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. வீட்டுக்காரர் ஆறுமுகச்சாமியிடம்கூட வெறும் சர்க்கரை என்றுதான் சொல்லியிருந்தாள். அவர் அரசு பஸ் கண்டக்டர். கேட்டவருக்கெல்லாம் டிக்கெட் கொடுப்பார், அபிப்பிராயம் மட்டும் கொடுக்கமாட்டார். பரம்பரை வியாதி என்ற சொல் வாசலைத் தாண்டினால், மகள் இசக்கிச்செல்வியை எவன் வந்து பெண் கேட்பான்? இசக்கி அப்போது ஏழாம் வகுப்பு. இன்னும் பாதி நாள் பாவாடை நாடாவை ஒழுங்காகக் கட்டத் தெரியாத பிள்ளையின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதற்காக, தாய்க்காரி வாயை மூடிக்கொண்டாள்.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. இசக்கி ஆடி மாதம் வயதுக்கு வந்தாள்.

ஆடியில் சடங்கு வைக்கமாட்டார்கள். ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் எண்ணெய்க்கு ஆடி, ஆவணி கிடையாது. மறுநாள் விடியும்போதே ஆறுமுகச்சாமியின் அக்கா சங்கரம்மாள், அடுத்த தெருவிலிருந்து நாட்டுக்கோழி முட்டையோடு வந்துவிட்டாள். அத்தைக்காரிக்கு அது உரிமை. முட்டையை உடைத்துப் பச்சையாக வாயில் விட்டு, அந்த முட்டை ஓட்டிலேயே நல்லெண்ணெய் நிரப்பிக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மத்தியானம் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து அதிலும் எண்ணெய். இடுப்பு எலும்பு பலப்படவும், நாளைக்குப் பிள்ளை பெறவும் அதுதான் அஸ்திவாரம். எண்ணெய் தாய்மாமன் வீட்டு முறை. பேச்சிராஜ் பைக்கில் பெரிய டின்னைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

ராஜேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்குச் சூட்டு உடம்பு என்றாள். வாந்தி வரும் என்றாள். இப்போதெல்லாம் டாக்டர்கள் பச்சை முட்டை வேண்டாம் என்கிறார்கள் என்றாள். சங்கரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவளுடைய காலைக் காட்டினாள்.

"ஏளா, நீ குடிச்சதுலதான இப்படி வளந்து நிக்க? ஒன் கால வச்சுக்கிட்டு எண்ணெய் வேண்டாங்கியே. ஊர்ல எத்தன பேரு ஒன் காலச் சொல்லித்தான் பொண்ணுக்கு எண்ணெய் ஊத்துதாவன்னு தெரியுமா?"

பேச்சிராஜ் பெருமையாகத் தன் கெண்டைக்காலையும் பார்த்துக்கொண்டான். எண்ணெய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய கால், எண்ணெய்க்கு விளம்பரமாக நின்றது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது. ராஜேஸ்வரி, சரி கொஞ்சமாக ஊற்றுங்கள் மதினி என்றாள். சங்கரம்மாளுக்குக் கொஞ்சம் என்ற அளவு பழக்கமில்லை.

பள்ளியில் விசில் ஊதினால் காற்று வரவில்லை. பிள்ளைகளை ஓடச்சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்ல மறந்துபோனாள். வீட்டில் டின்னைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை மதிப்பிட்டாள். ராத்திரி பாதி எண்ணெயை வேறு பாத்திரத்தில் சாய்த்து ஒளித்தால், காலையில் பேச்சிராஜ் இன்னொரு டின் கொண்டுவந்தான்; தங்கச்சி வீட்டில் எண்ணெய் இவ்வளவு வேகமாகச் செலவாவது அவனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அப்புறம் இசக்கி சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். மேல் வயிற்றில் வலி என்றாள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு வயிறு வலிக்காமல் தலையா வலிக்கும் என்று சங்கரம்மாள் சிரித்தாள்; வலிக்கு இன்னும் ஒரு ஓடு எண்ணெய் நல்லது என்றாள்.

மேல் வயிறு என்ற சொல் ராஜேஸ்வரியை உட்காரவிடவில்லை. அவளுடைய அப்பாவும் அங்கேதான் கையை வைத்துக்கொண்டு சுருண்டார். பேச்சிராஜ் கல்யாணத்தன்று கிடாக்கறி விருந்து முடிந்த சாயங்காலம். விடிவதற்குள் ஆள் இல்லை. கண்ணுபட்டுவிட்டது என்றார்கள், அத்தனை கட்டுமஸ்தான உடம்பு. அவருக்கும் அதே கால்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கோயிலுக்குள் ஆடிச்சுற்றுச் சுற்றும் பெண்கள் கூட்டம். சுற்றுகிறவர்களின் கால்வலியை ஒற்றைக்காலில் நிற்கிற அம்மன் வாங்கிக்கொள்வாள் என்று நம்பிக்கை. ராஜேஸ்வரியும் சாயங்காலம் போய்ச் சேர்ந்துகொண்டாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. வீட்டில் நடந்தால் ஏன் நடக்கிறாய் என்று கேட்பார்கள், இங்கே கேட்கமாட்டார்கள். எத்தனை சுற்று என்று கணக்கு வைக்கவில்லை. அவளுக்குக் கால் வலிக்கவும் இல்லை. அம்மனுக்கு அன்று அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது.

வெளியே வந்தபோது, உண்டியலில் போடும் தகடு விற்கிற கடையில் நின்றாள். கண் வலி என்றால் கண், கை முடியவில்லை என்றால் கை, விஷக்கடி என்றால் பாம்பு, தேள். மெல்லிய வெள்ளித் தகட்டில் அச்சடித்து அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் எந்த உறுப்பு என்று கேட்டார்.

"தோலுக்கு அடியில இருக்க கொழுப்பு" என்றாள்.

"கொழுப்பு கொறையணுமா டீச்சர்?"

"இல்ல. எனக்கு அது இல்ல. எம் மவளுக்கும் இல்லன்னு நெனைக்கேன். எங்க அப்பாவுக்கும் இருந்திருக்காது. அதுல ஒரு ஜீன் கோளாறு."

கடைக்காரர் தட்டை ஒரு தடவை கலைத்துப் பார்த்தார். வியாபாரி, இல்லை என்று சொல்லமாட்டார். "இல்லாத உறுப்புக்குத் தகடு அடிக்கதில்ல டீச்சர். முழு ஆளா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க, எல்லாம் அதுல அடக்கம்" என்றார்.

அவள் வாங்கவில்லை. கடையிலிருந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாகப் புருஷனிடம் சொல்லாததைப் பேர் தெரியாத தகட்டுக் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அவர் அடுத்த ஆளுக்குத் தேள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை சங்கரம்மாள் முட்டையை உடைக்குமுன் ராஜேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். டின்னோடு வந்திருந்த பேச்சிராஜும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்: கங்காணியை, குளத்தை, அப்பாவின் வயிற்றுவலியை. சொல்லச்சொல்ல அடுக்களையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து அடுக்களைக்கும் நடந்தாள். சங்கரம்மாளுக்குப் பாதி புரியவில்லை. பேச்சிராஜுக்குப் புரிந்த பாதி பிடிக்கவில்லை.

"அப்ப எங்க எண்ணெய் வெஷம்ங்கியா?"

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான் அண்ணே. நம்ம ஒடம்புக்குத்தான் அத வைக்க எடம் இல்ல."

"நம்ம ஒடம்பா? என்னையும் சேத்துட்டியா? சவத்த, நான் ஒரு மாத்திரை தின்னதில்ல இதுவரைக்கும்."

"அப்ப வா. நீயும் ரத்தம் குடு. ஒன் ரத்தம் நல்லா இருந்தா நானே பிள்ளைக்கு ஊத்துதேன்."

அவன் ஆட்டுச் சந்தையில் வளர்ந்த ஆள். பந்தயம் என்று வந்தபின் பின்வாங்கிப் பழக்கமில்லை. வெறும் வயிற்றோடு, இசக்கியையும் சேர்த்து மூன்று பேரும் கிளம்பினார்கள். ஏன் எதற்கென்று தெரியாமலே சங்கரம்மாளும் கையில் முட்டையோடு பின்னால் வந்தாள்.

ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஷாஹின் பானு அப்போதுதான் கதவைத் திறந்திருந்தாள். அவளும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். ஓடச்சொன்னால் ஒளிந்துகொள்கிற ரகம். மாமனுக்கும் மருமகளுக்கும் ரத்தம் எடுத்து, குழாய்களைச் சுற்றும் இயந்திரத்தில் வைத்து மூடியைப் போட்டாள். இயந்திரம் இரைந்தது. பேச்சிராஜ் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தான். இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தை மடியில் சாய்ந்திருந்தாள். ராஜேஸ்வரி வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

"உக்காருங்க டீச்சர், எனக்குத் தலைய சுத்துது" என்றாள் ஷாஹின் பானு.

இயந்திரம் நின்றது. முதலில் பேச்சிராஜின் குழாய். கீழே சிவப்பு தங்கியிருந்தது. மேலே, தேன் தண்ணீர் மாதிரித் தெளிந்து நிற்க வேண்டிய இடத்தில், கறந்த பால் நின்றது. ஷாஹின் பானு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வெறும் வயிறுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"பச்சத் தண்ணி குடிக்கல தாயி" என்றான் பேச்சிராஜ். குரலில் சந்தை இல்லை. எழுந்து வந்து குழாயைக் கிட்டத்தில் பார்த்தான். எத்தனையோ ஆடு அறுத்தவன். ஒன்றின் ரத்தமும் இப்படிப் பாலாக நின்று பார்த்ததில்லை என்று முணுமுணுத்தான்.

இசக்கியின் குழாயில் பால் இல்லை. தெளிவும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் கலங்கியிருந்தது.

சங்கரம்மாள் இரண்டையும் பார்த்தாள். ஜீனும் கங்காணியும் புரியாத அவளுக்கு இது புரிந்தது. தான் ஊற்றிய எண்ணெய் எங்கேயும் போகவில்லை, இதோ நிற்கிறது. கையிலிருந்த முட்டையை ஷாஹின் பானுவின் மேசையில் வைத்துவிட்டு, கார் பிடியுங்கள் என்றாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், கணையம் வீங்கத் தொடங்கியிருக்கிறது, ஆரம்பத்திலேயே கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார்கள். பிள்ளைக்கு ஆகாரத்தை நிறுத்தி, சொட்டுசொட்டாகத் தண்ணீர் மருந்து ஏற்றினார்கள். ஆறுமுகச்சாமி யூனிபாரத்தோடு வந்து நின்று, ராஜேஸ்வரி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதைச் சொல்ல இரண்டு வருஷமா என்று மட்டும் கேட்டார். அவருடைய கணக்கில் அது நீண்ட உரை. சேதி கேட்டு அங்கே வந்த ஞானதுரை டாக்டர் பேச்சிராஜின் தொடையையும் கிள்ளிப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. வெளியே வந்த பேச்சிராஜ், எனக்குக் கொழுப்பு இல்லை என்று சொன்ன முதல் ஆள் இந்த டாக்டர்தான் என்று ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பாவுக்கு அன்றைக்கு இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தது தான்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ராஜேஸ்வரி, பக்கத்தில் உட்காராமல், அவன் முன்னால் நடந்துகொண்டே கேட்டாள்.

இசக்கி தேறி வந்தாள். ஆவணியில் சடங்கும் வைத்தார்கள். தாய்மாமன் சீர் மேளத்தோடு வந்தது. பழம், பட்டு, கருப்பட்டி, உளுந்து எல்லாம் இருந்தன; எண்ணெய் டின் மட்டும் இல்லை. மண்டபத்தில் பெண்கள் தட்டுகளை எண்ணினார்கள். பனவடலிசத்திரத்தில் எள்ளு விளையவில்லையா என்று யாரோ கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ராஜேஸ்வரி மேடைப் பக்கமிருந்து முன்னால் வந்தாள். வாயைத் திறக்குமுன் சங்கரம்மாள் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க பிள்ளைக்கு எண்ணெய் ஆகாது. அவ அம்மைக்கும் ஆகாது, மாமனுக்கும் ஆகாது. ரத்தத்துலயே வருது, டாக்டரு சொல்லிருக்காவ. கெட்டிக்க வாரவன் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். எண்ணெய் இல்லாம சமைக்கத் தெரிஞ்சவளா மாமியாக்காரி வரட்டும்."

ஒரு கல்யாணத்தைக் காப்பாற்ற ராஜேஸ்வரி இரண்டு வருஷம் அடைகாத்த ரகசியத்தை, மதினி ஒரே மூச்சில் மண்டபம் முழுக்கப் பந்தி பரிமாறிவிட்டாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகனைப் பெற்ற ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். அவள் போவதை ராஜேஸ்வரி வாசல்வரை பார்த்தாள். நாலு வருஷம் கழித்து வரவேண்டிய வலி, முன்கூட்டியே வந்து போன மாதிரி இருந்தது. மேடையில் இசக்கி மாலைக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்து, பசிக்கிறது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

பந்தி தொடங்கும் நேரம் யாரோ அவள் முந்தானையை இழுத்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த சின்னையா மகள். அப்பாவழியில் தங்கச்சி முறை. நல்லது கெட்டதில் மட்டும் பார்க்கிற முகம். தூண் மறைவுக்குக் கூட்டிப்போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினாள்.

"யக்கா, இங்கன பாரு."

கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. நரம்பு கொடி ஓடியது. ராஜேஸ்வரி குனிந்து இரண்டு விரலால் தோலைக் கிள்ளினாள். பிடி கிடைக்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. இப்பதான எல போடுதாவ."

"நல்லது. எலைல உக்காராத, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாழ்த்த வந்தவர்களுக்கு நடுவே, மகள் சடங்கில் தாயை எங்கே என்று தேடுவார்களே என்ற நினைப்பும் இல்லாமல், ராஜேஸ்வரி படியிறங்கி வேகமாக நடந்தாள். ஷாஹின் பானு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவை அடைத்துவிடுவாள்.